கேளுங்கள், சொல்கிறோம்: விளம்பரத்தை வெட்டாதீர்கள்

கே: ஒரு பெட்டி நிறைய வி.எச்.எஸ். கேசட் இருக்கிறது. பெரும்பாலும் டிவியில் வந்த சினிமாக்கள். அவைதான் இப்போது நல்ல பிரிண்டில் கிடைக்கின்றனவே, விளம்பரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கேசட்டைக் கழித்துவிடலாமா?

ப: கழிக்க வேண்டாம். சினிமா எங்கும் போய்விடாது. நடுநடுவே வந்தவைதான் போய்விட்டன: அறிவிப்பாளரின் முகம், நிலைய முத்திரை, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை, உள்ளூர்க் கடை விளம்பரம். ஒளிநாடா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் பல நிலையங்கள் அதே நாடாவை அழித்து மறுபடி பதிவுசெய்தன. வீட்டுக் கேசட்தான் மிச்சம்.

பதிவு செய்தவர் விளம்பரம் வந்ததும் பாஸ் பட்டனை அழுத்தியிருப்பார். விரல் தாமதித்த இடங்களில் இரண்டு மூன்று விநாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜமான புதையல் கேசட்டின் வால் பகுதி. ஈ-180 கேசட்டில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் அரை மணி நேரம் மீதி. நிறுத்த மறந்திருந்தால் செய்தியும் அடுத்த நிகழ்ச்சியும் அதில் இருக்கும்; அதற்கும் முன்னால் அதே நாடாவில் பதிந்த எதோ ஒன்றின் எச்சமும் இருக்கலாம். ஆகவே நாடா தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். சிக்னல் பலவீனமானதும் பல வி.சி.ஆர்.கள் நீலத்திரை போட்டு மறைத்துவிடும். மெனுவில் அதை முதலில் அணைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகிவிடாமல் இருக்க, கேசட்டின் முதுகுப்புறத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்த பிறகே மெஷினுக்குள் விடவும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1970களின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும் வரை டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிவுசெய்தார். ஏறத்தாழ 70,000 கேசட்டுகள். விளம்பரமும் சேர்ந்தே இருப்பதால்தான் அந்தத் தொகுப்புக்கு இவ்வளவு மதிப்பு.

கே: வி.சி.ஆரைக் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் கேசட்டை டிஜிட்டலுக்கு மாற்றினேன். படத்தின் மேல்பகுதி கொடிபோல் வளைகிறது. ஒரு மணி நேரம் ஓடியதும் வாயசைவும் குரலும் பொருந்தவில்லை. கருவி கெட்டுவிட்டதா?

ப: கருவியில் கோளாறு இல்லை, நாடாவின் இயல்பு அது. நாடா ஓடும்போது ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் நூலிழை முன்பின்னாகும். பழைய படக்குழாய் டிவி அதை அனுசரித்துக்கொள்ளும். கேப்சர் கருவியோ குழம்பி ஃபிரேம்களை விட்டுவிடும்; ஒலி மட்டும் விடாமல் ஓடும். இந்திய டிவி பயன்படுத்திய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். மொத்தத்தில் 50 ஃபிரேம் விட்டுப்போனால் குரல் இரண்டு விநாடி பின்தங்கிவிடும். எடிட்டிங்கில் ஒலியை நகர்த்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஃபிரேம்கள் ஒரே இடத்தில் விழுவதில்லை, அங்கங்கே சரிந்திருக்கும்.

இதற்கு மருந்து, அந்த நேரப் பிசகைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர். சில எஸ்-வி.எச்.எஸ். (உயர்தர வி.எச்.எஸ்.) டெக்குகளுக்குள்ளேயே இருப்பது வளைவை நிமிர்த்தும். தனிப்பெட்டியாக வரும் ஃபிரேம் வகை, ஃபிரேம் விழுவதைத் தடுக்கும். இரண்டும் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வி.சி.ஆருக்கும் கருவிக்கும் நடுவில் வையுங்கள். பானசோனிக் இஎஸ்10, இஎஸ்15 இந்த வேலைக்குப் பேர்போனவை. அதில் பதிவு செய்யத் தேவையில்லை, சிக்னல் உள்ளே போய் வெளியே வந்தால் போதும். நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்.

டெக்கில் எஸ்-வீடியோ துளை (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் இணைப்பு) இருந்தால், வழக்கமான மஞ்சள் வீடியோ பின்னை மறந்துவிடலாம். நாடாவில் ஒளியும் நிறமும் தனித்தனியாகவே பதிந்துள்ளன. மஞ்சள் ஒயர் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. விளம்பர எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது அதனால்தான்.

கே: சில கேசட்டுகளின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிகிறது.

ப: பூஞ்சை. மெஷினில் போடவே போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடத்தில் சில நாள் காயவையுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழுவிக்கொண்டு போகும். காய்ந்தபின் முகக்கவசம் போட்டு, திறந்தவெளியில், அடிப்பக்கத்து ஐந்து திருகாணிகளைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, இரண்டு சுருளையும் சுத்தமான வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றுங்கள். பூஞ்சைக் கேசட்டுக்கென்றே ஒரு பழைய வி.சி.ஆரை ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஹெட் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மான்தோல் துண்டும் வேண்டும். துண்டை, ஹெட் பொருந்தியிருக்கும் உருளையில் அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி முறிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி இங்கே ஆகவே ஆகாது.

கே: எந்த வடிவத்தில் சேமிப்பது? எம்.பி.4 போதாதா?

ப: பார்ப்பதற்குப் போதும். மூலப் பிரதிக்குப் போதாது. பால் என்றால் 720×576, அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்றால் 720×480, இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறிமாறிக் காட்டும் முறை) அப்படியே, நிறம் 4:2:2 அமைப்பில், தரம் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 (FFV1) கோடெக், எம்.கே.வி. கோப்பு, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் பி.சி.எம். (சுருக்காத ஒலி). சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜி.பி. ஆகும், எஃப்எஃப்வி1 ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். படத்தின் அடியில் துடிக்கும் கோட்டையும் வெட்ட வேண்டாம்.

பார்வைப் பிரதிக்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில், இன்டர்லேஸை நீக்கும் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) வடிகட்டி போட்டு விநாடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். 25ஆக எடுத்தால் திரையின் அடியில் ஓடும் எழுத்து தத்தித்தத்திப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) எடுத்து வைத்து, மூன்று பிரதிகளில் ஒன்றையாவது வேறு கட்டடத்தில் வையுங்கள். மின்னணு வேலை கைவந்தவர்கள் வி.எச்.எஸ்-டிகோட் மென்பொருளையும் பார்க்கலாம்: ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே பதிந்துகொள்வதால், படத்துக்கு மேலே மறைந்திருக்கும் டெலிடெக்ஸ்ட் (ஒளிபரப்போடு வந்த எழுத்துத் தகவல்) வரிகளும் கிடைக்க வழியுண்டு.

கே: தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் ‘நல்ல படம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது!

ப: லேபிளில் தேதி இருந்தாலும் முழுதாக நம்பக்கூடாது, மேலே மறுபதிவு நடந்திருக்கலாம். விளம்பரத்தில் காணும் ஆண்டு, ‘அதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். ஒரே விளம்பரம் பல வருடம் ஓடும். கிழமையும் தேதியும் சேர்ந்து காதில் விழுந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ‘13ஆம் தேதி வெள்ளிக்கிழமை’ என்றால் 1987இல் பிப்ரவரி, மார்ச், நவம்பர் மட்டும். 1988இல் மே மட்டும். கூடவே ஒரு விளையாட்டு ஸ்கோரோ ‘நாளை இரவு’ என்ற முன்னோட்டமோ இருந்தால், அந்த வார நாளிதழின் நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட்டு நாளையே உறுதிசெய்யலாம். ஊகம் என்றால் கோப்புப் பெயரிலேயே ‘ஊகம்’ என்று எழுதிவிடுங்கள்.

கே: இணையத்தில் போடலாமா?

ப: சேமிப்பது வேறு, வெளியிடுவது வேறு. விளம்பரத்துக்கும் அதன் பாட்டுக்கும் உரிமையாளர்கள் உண்டு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி இருந்து போடுவதானால், விளம்பர இடைவேளை முழுவதையும் ஒரே கோப்பாகப் போடுங்கள். தேதி தெரிந்த ஒன்றை வைத்து மற்றவற்றின் காலத்தைப் பிறர் கணிக்க அது உதவும்.