அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனை பி.ஜி. டாக்டர் செய்யலாமா?

அப்பாவுக்கு பி.ஜி. டாக்டர்தான் குடலிறக்க ஆபரேஷன் செய்வார் என்றதும் பயந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் வெறும் மாணவர் இல்லை; எம்.பி.பி.எஸ். முடித்து, 3 வருட எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) பயிற்சியில் இருக்கும் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரிகளில் வார்டும் தியேட்டரும் பெரும்பாலும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. தென் கொரியாவில் 2024 பிப்ரவரியில் பயிற்சி மருத்துவர்கள் போராட்டமாக வேலையை விட்டு வெளியேறியபோது, சியோலின் பெரிய மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

தியேட்டரில் கூடவே நிற்கப்போகும் சீனியர் யார் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். என் கவலையெல்லாம் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் வருகிறவரைப் பற்றித்தான். ஆபரேஷன் முடிந்த அன்று இரவு வார்டில் அப்பாவை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

அப்புறம், தேதி தள்ளிப்போய், அதற்குள் வீக்கம் இறுகி உள்ளே போகாமல் வலியோ வாந்தியோ வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போங்கள்.