சராசரி 7.2 சொல்லாத விஷயம்

கேள்வி: எனக்கு வயது 58. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 7.2 என்று வந்துள்ளது. ஆனால் வீட்டு மீட்டரில் சாப்பிட்ட பிறகு 270, நைட் ஷிப்ட் நாட்களில் விடியற்காலை 60 என்று காட்டுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தால் இதயம் பாதிக்கப்படுமா?

பதில்: 7.2 என்பது ஏறத்தாழ 160 மில்லிகிராம் என்ற சராசரியைக் குறிக்கிறது. நாள் முழுவதும் 160-ஐ ஒட்டியே இருப்பவருக்கும், 60-க்கும் 270-க்கும் இடையே ஊசலாடுகிற உங்களுக்கும் அதே 7.2 வரலாம். காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர் சென்ற மூன்று மாதச் சராசரி விலையைக் கேட்பதில்லை. அன்றைய விலையைத்தான் கேட்பார். உங்கள் விஷயத்திலும் அந்தந்த நேரத்து அளவு முக்கியம்.

சர்க்கரை அளவு அதிகமாக ஏறி இறங்குபவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஊசலாட்டமே இதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது ஒழுங்கற்ற உணவு, சிறுநீரகப் பாதிப்பு போன்ற வேறு கோளாறுகளின் அடையாளமா என்பது இன்னும் தீர்ந்த வழக்கு அல்ல. ஆகவே உங்கள் அளவுகளில் நான் முதலில் பார்ப்பது 270-ஐ அல்ல, 60-ஐ.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இதயத்தின் வேலை கூடுவதோடு, அதன் மின்னோட்டத்தின் சீரும் குலையக்கூடும் என்பதால், ஏற்கெனவே ரத்தக்குழாய் சுருங்கியிருப்பவருக்கு இது ஆபத்தானது. சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த 'அக்கார்டு' ஆய்வில் மரணங்கள் கூடியதால், 2008-இல் அந்தச் சிகிச்சைப் பிரிவை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தாழ்சர்க்கரைதான் காரணம் என்று அறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் 'எவ்வளவு குறைத்தாலும் நல்லது' என்ற எண்ணம் அதன்பிறகு நிலைக்கவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை தாழ்வதற்குக் கிளிமிபிரைடு காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். நைட் ஷிப்டில் உணவு தள்ளிப்போனால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால் மருந்தின் வேகம் இன்னும் நீடிக்கும் என்பதால் கிரியேட்டினின் பரிசோதனையும் தேவை. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்று, சாப்பிட்ட நேரம், மாத்திரை நேரம், மீட்டர் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆனால் அது முடியும் வரை சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் ஒழுங்காக எழுதிய நோட்டே போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். 270-ஐப் பார்த்துப் பயந்து இன்னொரு அரை மாத்திரை போடவும் வேண்டாம். பலர் அப்படிச் செய்துதான் மறுநாள் விடியலில் மயங்குகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதற்குப் பெரும்பாலும் தட்டில் இருக்கும் சோறோ பரோட்டாவோதான் காரணம். அளவைக் குறைத்து, சுண்டலும் காய்கறியும் சேர்த்து, பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.

தாழ்சர்க்கரை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70-ஐத் தாண்டியதும் ஏதாவது சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் போன்ற மருந்து எடுப்பவராக இருந்தால் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் தெரியும்.

இதயத்துக்கு உறுதியாகப் பலன் தருபவை வேறு: ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைப்பது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையிலையை விடுவது. ஏற்கெனவே இதய நோய் இருந்தால் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை பொருந்துமா என்றும் கேளுங்கள். தனியாகப் பயன்படுத்தும்போது தாழ்சர்க்கரையை அது பெரும்பாலும் உண்டாக்குவதில்லை.

நீண்ட காலச் சர்க்கரை நோயில் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். குளிர்ந்து வியர்க்கும்போது 'வாயு' என்றோ 'லோ சுகர்' என்றோ நீங்களே முடிவு செய்யாமல், உடனே மீட்டரில் பாருங்கள். 60 காட்டினால் சர்க்கரைக் கரைசல்; 140 காட்டியும் வியர்வையோ மூச்சிரைப்போ இருந்தால், அல்லது கரைசல் குடித்தும் அடங்காவிட்டால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.