கோத்தகிரியில கீழ்த்தள டாய்லெட்டை மாத்திக் கட்டணும், எங்கேருந்து பிளான் பண்றது?

மூணரைக்கு அஞ்சரை அடி இடம், இந்தியன் கிளாசெட்டை எடுத்துட்டு முட்டிவலி இருக்கற அம்மாவுக்கு வெஸ்டர்ன் வைக்கணும், சின்னதா ஒரு பேசின், பின் சுவர்ல ஓதம் வேறன்னு கேட்டிருக்கீங்க. நான் குன்னூர் பக்கம், எங்க வீடும் ரோட்டுக்குக் கீழ மேட்டை வெட்டிக் கட்டினதுதான், அதனால சொல்றேன், டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பின் சுவரை முடிங்க.

சுவருக்குப் பின்னாடி மண் நேரா ஒட்டி இருக்கா, இல்ல சந்து விட்டிருக்காங்களான்னு பாருங்க. சந்து இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதைச் சுத்தம் பண்ணி சிமெண்ட் வாய்க்கால் கட்டி, கூரைத் தண்ணி இறங்கற பைப்பையும் அந்தப் பக்கம் விடாம திருப்பி விட்டாலே ஓதம் நல்லா குறையும். தடுப்புச் சுவர்ல தண்ணி வெளியேற விட்ட ஓட்டைங்க மண்ணு அடைச்சுக் கிடக்கும், குத்தி விடுங்க. மண் நேரா ஒட்டி இருந்தா உள்ளேருந்து பூசறதுதான் வழி, ஆனா சாதா பெயிண்ட் மாதிரி கோட்டிங்கைப் பின்னாடி வர்ற தண்ணி தள்ளி உரிச்சிடும், பழைய பூச்சைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்டோட சேர்ந்து பிடிக்கற வாட்டர்ப்ரூஃபிங் கேளுங்க. ஓதத்து மேலயே டைல்ஸ் ஒட்டிட்டா மறைஞ்சிடும்னு மேஸ்திரி சொல்லுவார், மறையாது, டைல்ஸ் முடியற இடத்துக்கு மேல ஏறி உப்பு பூத்து நிக்கும். அந்தச் சுவர்ல பைப்பு, கன்சீல்டு டேங்க் (சுவருக்குள்ள மறைச்சு வைக்கற ஃப்ளஷ் டேங்க்) எதையும் புதைக்காதீங்க, எல்லாம் உள்பக்கச் சுவர்லயே போகட்டும்.

நம்ம பக்கம் அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும்தான் நல்ல மழை. மழை நேரத்துல ஓதம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பென்சில்ல கோடு போட்டு வச்சுக்கோங்க, பிப்ரவரில சுவர் காய்ஞ்சதும் வேலையை ஆரம்பிச்சு மே சீசன் டிராஃபிக்குக்கு முன்னாடி முடிச்சிடுங்க. குளிர்ல சிமெண்ட் மெதுவாதான் செட் ஆகும், ஆளுங்க அவசரப்படுத்தினா விடாதீங்க.

அடுத்தது கழிவு பைப். வெளியே சேம்பர் மூடியைத் திறந்து, ஒரு வாளித் தண்ணியை உள்ளே ஊத்தி எப்படி வருதுன்னு பாருங்க. நாலடிக்கு ஒரு இன்ச் வாட்டம் வேணும், நாலு இன்ச் பைப்பா இருக்கணும், கிளாசெட் எங்க உக்காரணும்னு முடிவு பண்றதே இதுதான். எஸ் டிராப், அதாவது கழிவு நேரா தரைக்குள்ள இறங்கற டைப் எடுத்தா சுவத்துலேருந்து பைப் நடு வரைக்கும் 4, 9, 12 இன்ச்னு மாடல் வரும், இதை டைல்ஸ் ஒட்டின பிறகு வர்ற சுவத்துலேருந்து அளக்கணும், வெறும் செங்கல்லுலேருந்து அளந்தா டைல்ஸும் பூச்சும் ஒரு இன்ச்சுக்கு மேல சாப்பிட்டுடும், அப்புறம் கிளாசெட் உக்காராது. கிளாசெட் நடுவுக்கும் பக்கச் சுவருக்கும் 15 இன்ச்சாவது விடுங்க, உங்க மூணரை அடி தாராளமா போதும். பேசின் மூலைல வைக்கற டைப்பா எடுங்க.

கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இதுல பேச்சே கிடையாது. அம்மா உள்ள தடுமாறி விழுந்தா உள்பக்கம் திறக்கற கதவைத் தள்ளவே முடியாது. மரக்கதவு பனியில ஊறிப் போயிடும், பிவிசி போதும்.

ஜனவரி காலைல அந்தத் தண்ணில கை வைக்க முடியுமா சொல்லுங்க, அதனால மூணு லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒண்ணு வைங்க. அது 3000 வாட், 13 ஆம்பியர் இழுக்கும், லைட் லைன்லேருந்து எடுக்காம தனி வயர், 16 ஆம்பியர் பிளக், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சு போடச் சொல்லுங்க. சுடுதண்ணிக்கு சிபிவிசி பைப்புதான், வெள்ளை யுபிவிசி தாங்காது.

தரைக்கு மேட் ஃபினிஷ் டைல்ஸ் எடுங்க, பளபளப்பு கடைலதான் நல்லா இருக்கும். மேட்டுப்பாளையத்துலேருந்து ஏத்தினா பத்து பர்சென்ட் கூடவே வாங்குங்க, வளைவுல உடையறது உடையும், மறுபடி போனா அதே ஷேடு கிடைக்காது.

கைப்பிடிக் கம்பியை டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே யோசிங்க. அம்மாவை ஒரு நாற்காலில உக்கார வச்சு, எழுந்திருக்கும்போது கை எங்க போகுதுன்னு பாத்து மார்க் பண்ணுங்க, அந்த இடத்துல பூச்சு லூசா இருந்தா கொத்திட்டு கான்கிரீட் அடைச்சு அதுலதான் போல்ட் போடணும்.