பதில்: 11 வயதில் பையனையும் பெண்ணையும் சேர்த்து அளந்தால்
வியட்நாம் பிள்ளைகளின் பக்கவாட்டு முக எக்ஸ்ரேக்களை 11 வயதிலும் 13 வயதிலும் அளந்தீர்கள். கீழ்த்தாடை சிலருக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம்தான், அளந்ததில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அளவில் தப்பிருக்காது. பையன்களையும் பெண்களையும் ஒரே கணக்கில் போட்டதுதான் சிக்கல். பருவ வளர்ச்சி பெண்களுக்குச் சுமார் 2 வருடம் முந்தும். 13 வயதில் பலருக்கு அது தணியத் தொடங்கியிருக்கும். பையன்களுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கும்.

வயதை விடுங்கள், அதே படத்தில் கழுத்து முள்ளெலும்புகளைப் பாருங்கள், வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவை காட்டும். 2ஆவதும் 3ஆவதும் அடிவிளிம்பில் குழிந்து, 4ஆவது இன்னும் தட்டையாக இருக்கிறதா? கீழ்த்தாடையின் உச்ச வளர்ச்சி பெரும்பாலும் அடுத்த ஒரு வருடத்துக்குள். இரண்டு படங்களும் ஒரே உருப்பெருக்கத்தில் எடுத்தவைதானா என்பதையும் பார்த்துவிடுங்கள், இதில்தான் பலர் வழுக்குவார்கள்.

அப்புறம், அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஸ்டைனரின் 82, 80, 2 டிகிரி அளவுகளோடு (மேல்தாடை, கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் நிற்கின்றன என்ற கோணங்களும் அவற்றின் வித்தியாசமும்) ஒப்பிட்டுப் பாதிப் பிள்ளைகளுக்கு 'துருத்தல்' என்று குறித்திருக்கிறீர்கள். அவை வெள்ளை அமெரிக்க முகங்களிலிருந்து வந்தவை. பல்லும் உதடும் சற்று முன்னால் நிற்பது வியட்நாமியரிடம் சாதாரணம். அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையின் முந்தைய படத்தோடு, முன் மண்டையோட்டு அடித்தளத்தில் (மண்டையோட்டு அடிப்பகுதியின் முன்பாகத்தில்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒப்பிட்டால் போதும்.