அகழாய்வில் பழங்காசு கிடைத்தால் அந்த இடத்தின் காலம் தெரிந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் ஓர் எடுத்துக்காட்டும் தந்திருக்கிறார். அகழாய்வுக் குழி ஒன்றில் ரோமப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக்காசு கிடைக்கிறது. அவர் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. அப்படியானால் அந்தக் குடியிருப்பு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. அந்தக் காசு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தன்னை மூடிய மண் கி.பி. 14-க்கு முன்பு படிந்திருக்க முடியாது. அதன் பிறகு எப்போது படிந்தது, அடுத்த ஆண்டா முந்நூறு ஆண்டு கழித்தா என்பதற்குக் காசிடம் பதில் இல்லை. காசு கீழ்வரம்பை மட்டும் தருகிறது. மேல்வரம்பை வேறு சான்றுகளிடம்தான் தேட வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஓர் அடுக்கில் பத்துக் காசுகள் கிடைத்தால் அவற்றில் மிகப் பழையதற்கு மதிப்பில்லை. எந்தக் காலத்துக் காசு அதிகம் என்ற கணக்குக்கும் மதிப்பில்லை. மிகப் பிந்திய காசு எதுவோ அதுதான் அந்த அடுக்கின் காலத்தைக் கட்டுப்படுத்தும். செய்திகளில் பெரும்பாலும் மிகப் பழைய காசுக்குத்தான் தலைப்புக் கிடைக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கொரியாவின் சினான் கடற்பகுதியில் மூழ்கிக் கிடந்த ஒரு வணிகக் கப்பலை 1976 முதல் தோண்டியெடுத்தார்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. உள்ளே சுமார் 28 டன் செப்புக்காசு இருந்தது. சரக்குகளில் கட்டியிருந்த மரச்சீட்டுகளில் ஆண்டு எழுதியிருந்ததால் பயணம் நடந்தது 1323-இல் என்று தெரியும். ஆனால் காசுகளில் மிகப் பெரும்பகுதி அதற்கு முன்பு சீனாவை ஆண்ட சோங் மரபினர் வெளியிட்டவை. பல காசுகளுக்குக் கப்பல் மூழ்கியபோதே இருநூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. மிகப் பிந்திய காசு 1310-ஐச் சேர்ந்தது. மரச்சீட்டுகள் மக்கிப்போய், கைக்கு ஒரு பிடி காசு மட்டும் சிக்கியிருந்தால் அந்தக் கப்பலை 11-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியிருப்பார்கள். முழுக் குவியலையும் பார்த்ததால்தான் காசு 13 ஆண்டு நெருக்கத்துக்கு வந்தது.

எனக்கு இந்தப் பாடம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக முதன்முதலில் ஓர் அகழாய்வில் வேலை செய்த பருவம். நான்காவது அடுக்கு, கறுப்பு சிவப்புப் பானையோடுகள் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தன. சல்லடையில் மண் சலித்துக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, இது ஓடு மாதிரி இல்லை, கனக்கிறது, பாருங்கள்" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டை. களிம்பு ஏறிய செம்பு. நான் ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஆழம்? குழியின் எந்த மூலை? சுற்றியிருந்த மண் எப்படி இருந்தது?" என்று மூன்று கேள்வி கேட்டார். முதல் இரண்டுக்குத் தோராயமாகப் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருவரும் குழிக்குள் இறங்கினோம். அவர் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். காய்ந்திருந்தவரை ஒரே நிறமாகத் தெரிந்த மண்ணில், நனைந்ததும் ஒரு வட்டம் கறுத்துத் தெரிந்தது. கரண்டி முனையால் தட்டினால் சுற்றுமண் இறுகியிருந்தது, வட்டத்துக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. எலி வளை. இரண்டாவது அடுக்கிலிருந்து சரிவாக இறங்கி நான்காவது அடுக்கு வரை வந்திருந்தது. ஆய்வகத்தில் காசைச் சுத்தம் செய்தபோது ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்து. ராசராசன் காசு வகை. கறுப்பு சிவப்புப் பானையோட்டு அடுக்கில் சோழர் காசு! நான் அதற்குள் உறையின் மேல் "அடுக்கு 4" என்று எழுதிவிட்டிருந்தேன்.

ஆயிரம் ஆண்டு இடைவெளி என்பதால் அந்தப் பிழை தானாகவே வெளியே தெரிந்திருக்கும். இடைவெளி நூறு ஆண்டாக இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. உறையில் எழுதியதே அறிக்கைக்குப் போயிருக்கும். இன்றும் இதை நினைத்தால் எனக்கு மனம் பதறும். காசு நழுவுவதற்கு எலி வளைதான் வேண்டும் என்பதில்லை. மர வேர், பிற்காலத்தில் வெட்டிய குப்பைக்குழி, அடித்தளம் பறித்த பள்ளம், கிணறு என்று மேலிருப்பதைக் கீழே கொண்டுபோகும் வழிகள் பல. கீழிருப்பதை மேலே கொண்டுவரும் வழியும் உண்டு: பழைய மேட்டு மண்ணை வெட்டிச் சுவர் எழுப்பினால் அந்த மண்ணிலிருந்த பழங்காசு புதிய சுவருக்குள் ஏறிவிடும்.

அதனால்தான் உடையாத தரைக்கு அடியில் கிடைக்கும் காசுக்கு அகழாய்வாளர்கள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள். செங்கல் பாவிய தரை, விரிசல் இல்லை, அதன் கீழே ஒரு காசு. அப்படியானால் தரை போட்டது காசு அச்சான பிறகுதான் என்பதில் ஐயமில்லை. அதே காசு தரைக்கு மேலே கிடந்தால் அந்த வாதம் செல்லாது. அங்கே அது வந்து விழுந்த நாளைப் பற்றித்தான் பேச முடியும்.

அடுத்தது காசின் சொந்த வயது. அதுவும் எல்லாக் காசிலும் ஒரே அளவுக்குத் துல்லியமாகக் கிடைப்பதில்லை. மேற்கிந்தியாவை ஆண்ட மேற்குச் சத்ரபர்களின் வெள்ளிக்காசுகள் பலவற்றில் மன்னன் பெயர், தந்தை பெயர், சக ஆண்டு மூன்றும் இருக்கும். இசுலாமிய அரசுகளின் காசுகளில் அச்சான ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். ரோமக் காசில் பேரரசர் வகித்த பதவிகளின் எண்ணிக்கை பொறித்திருப்பதால் பல சமயம் ஆண்டுவரை குறுக்கிவிடலாம். ஆனால் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தால் எல்லாம் குலைந்துவிடும். வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ரோம நகரமான பொம்பெயியில் 1974-இல் கிடைத்த பேரரசர் டைட்டஸின் வெள்ளிக்காசு ஒன்றில், படைகள் அவரை வெற்றித் தளபதியாக வாழ்த்திய எண்ணிக்கை 15 என்று வாசித்தார்கள். கி.பி. 79 செப்டம்பர் தொடக்கத்து ஆவணங்களில்கூட அந்த எண் 14 தான். அப்படியானால் வெசுவியஸ் எரிமலை ஆகஸ்ட் 24-இல் வெடித்தது என்ற மரபான தேதி பொருந்தாது. பல ஆண்டுகள் இந்தக் காசை முன்வைத்து வாதம் நடந்தது. பின்னர் காசை மறுபடி உற்றுப் பார்த்தபோது எண் 14 என்று தெரிந்தது. காசு அந்த வழக்கில் சாட்சியாக நிற்க முடியாமல் போயிற்று. வெடிப்பு இலையுதிர் காலத்தில்தான் நடந்தது என்ற கருத்துக்கு 2018-இல் வேறோர் ஆதரவு கிடைத்தது: அக்டோபர் 17-ஆம் நாளைக் குறிக்கும் கரிக்கட்டை எழுத்து ஒரு சுவரில் இருந்தது. தேய்ந்த காசில் ஒரு சிறு கோடு இருக்கிறதா இல்லையா என்பதற்கு எவ்வளவு கனம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

நம் நாட்டு முத்திரைக் காசுகளில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. சூரியன், மலை, மரம் போன்ற சின்னங்கள் மட்டுமே. அவற்றுக்குக் காலம் கிடைத்த வழிகளில் முக்கியமானது தட்சசீலத்துப் பீர் மேட்டில் 1924-இல் கிடைத்த புதையல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசு இரண்டும் அவருக்குப் பின் அரசரான பிலிப் அர்ரிதேயஸின் காசு ஒன்றும் அச்சகத்திலிருந்து வந்த புதுமை மாறாமல் இருந்தன. பிலிப்பின் காலம் கி.மு. 323 முதல் 317 வரை. தேயாத காசு என்பதால் புதையல் அதற்கு வெகுகாலம் பிந்தியிருக்காது. கூட இருந்த முத்திரைக் காசுகள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. கணித அறிஞரான டி.டி. கோசாம்பி இன்னொரு வழி கண்டார். காசு கைமாறக் கைமாறத் தேயும், தேய்ந்தால் எடை குறையும். அவர் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடை இழப்பைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, எந்தத் தொகுதி முந்தியது என்று வரிசைப்படுத்த முயன்றார். கண்ணுக்குத் தெரியாத மில்லிகிராம்களில் காலம் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பரவசமாக இருக்கும்.

காலத்தை எண்ணாகச் சொல்லாமல் முன்பின் வரிசையை மட்டும் மறுக்க முடியாதபடி சொல்லும் காசுகளும் உண்டு. நாசிக் பகுதியில் ஜோகல்தெம்பி என்ற ஊரில் 1906-இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்தன. எல்லாம் சத்ரப மன்னன் நகபானனுடையவை. அவற்றில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மேல் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சதகர்ணி தன் முத்திரையை அடித்திருந்தான். ஒருவன் முகத்தின் மேல் இன்னொருவன் முத்திரை. யார் யாரை வென்றார் என்பதற்கு வேறு சான்று தேவையே இல்லை.

இப்போது திபேரியஸுக்குத் திரும்புகிறேன். தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவை. ஆனால் கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தார். கலப்படம் கூடியதும் இந்திய வணிகர்கள் பழைய நல்ல காசுகளையே விரும்பினார்கள் என்றும், திபேரியஸ் காசுகளில் கணிசமானவை அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே இங்கு வந்தன என்றும் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளைப் பாருங்கள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பல பேரரசர்கள் அந்த ஒரே குவியலில் இருக்கிறார்கள். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. அச்சான ஆண்டு தெரியும். வெட்டிய ஆண்டு எந்தக் காசிலும் எழுதப்படவில்லை. வெஸ்பாசியன் அரசேறிய கி.பி. 69-க்குப் பிறகுதான் புதையல் மண்ணுக்குள் போயிருக்கிறது என்பதுவரை உறுதி. இதே குவியலிலிருந்து அகஸ்டஸ் காசு ஒன்று மட்டும் தனியாகக் கிடைத்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்?

காசை நம்பிக் காலம் சொல்லும்போது இன்னொரு சுழலும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ஏராளமான பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. அரிய செல்வம்தான். ஆனால் ஆற்று மணலுக்கு அடுக்கு கிடையாது. மாக்கோதை, குட்டுவன்கோதை என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளைப் போல எழுத்துள்ள காசுக்குத் தமிழ்ப் பிராமி எழுத்தின் வடிவத்தையும், ரோமக் காசின் சாயலில் அமைந்த தலை உருவத்தையும் பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தை வைத்துக் காசுக்குக் காலம் சொல்லி, பிறகு அந்தக் காசை வைத்தே எழுத்துக்குக் காலம் சொன்னால் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறோம். பெயர் தெரிந்த மன்னனாக இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் முதல் ஆண்டு கி.பி. 78 என்று நெடுங்காலம் பலர் கொண்டிருந்தார்கள்; இப்போது பெரும்பாலோர் ஏற்பது 127. அந்த ஒரு மாற்றத்தால், அவருடைய காசை வைத்துக் காலம் குறித்த ஒவ்வோர் அடுக்கும் சுமார் ஐம்பது ஆண்டு இடம்பெயர வேண்டியதாயிற்று.

காசே இல்லாவிட்டால் தளம் ஊமையாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1945-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதன் காலத்தைக் குறித்தது இத்தாலியிலிருந்து வந்த அரட்டைன் என்ற சிவப்புப் பளபளப்புப் பானையோடுகளைக் கொண்டுதான். கரிமக் காலக் கணிப்பும் இருக்கிறது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட மாதிரிகளில் அது பல நூற்றாண்டு அகலமான விடையைத் தந்துவிடும். காசு கீழ்வரம்பைத் தர, கருகிய நெல்மணி ஒன்று மேல்வரம்பைத் தர, பானையோடு இரண்டுக்கும் ஒத்துப்போனால் அந்தக் காலத்தைத் துணிந்து எழுதலாம்.

அந்த ராசராசன் காசின் உறையை அன்று மாலையே மாற்றி எழுதினோம். "அடுக்கு 2-இலிருந்து அடுக்கு 4-க்குள் இறங்கிய வளை, நிரப்பு மண்" என்று மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை என்றாலும், அந்த நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் இலங்கைக் காசுகளில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தன என்பதால், காலம் என்ற இடத்தில் "கி.பி. 985-க்கு முன் அல்ல" என்று மட்டும் குறித்தோம்.