அலாரம் அடிக்கிறது, கால் எழ மறுக்கிறது

கேள்வி: எனக்கு வயது 38. பள்ளி நாட்களில்கூட ஓடியதில்லை. அலுவலகத் தோழிகள் நால்வர் சேர்ந்து ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் தினமும் ஓடினேன். புது ஷூ, ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி என்று ஒரே அமர்க்களம். மூன்றாவது வாரம் ஒரு நாள் விட்டுப்போனது. மறுநாள் அதையும் சேர்த்து ஓடினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக வலி வந்தது. அப்புறம் விட்டு விட்டுத்தான் ஓடினேன், இப்போது 9 நாளாக ஓடவே இல்லை. கால் வலி போய்விட்டது, ஆனால் அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் ஓடுகிறேன், 2 கிலோமீட்டருக்கு மேல் முடியவில்லை. தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் தூரத்தைப் போடுகிறார்கள், திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. போட்டிக்கு இன்னும் 11 வாரம் இருக்கிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா? போன ஊக்கத்தை எப்படி மீட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பாதிக்கு மேல் மன உறுதியைப் பற்றியே எழுதியிருந்தீர்கள். வேகத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரியில்தான் கண் நின்றது.

கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பது ஓடிப் பழக்கமே இல்லாதவருக்குப் பயிற்சி வேகம் இல்லை, போட்டி வேகம். தினமும் காலையில் ஒரு போட்டி ஓடி, மூச்சு முட்டி, பாதியில் நின்று, தோற்ற முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் தாங்கியதே பெரிய விஷயம். மறுநாள் அலாரம் அடிக்கும்போது உடம்பு எழ மறுப்பதற்கு நான் சோம்பல் என்று பெயர் வைக்க மாட்டேன். நேற்று பட்டது போதும் என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். நியாயமான பேச்சு.

அதனால் ஊக்கத்தைத் தேடிப் போக வேண்டாம். உத்வேகக் காணொளிகளும் வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள்.

எவ்வளவு குறைப்பது? ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியை வாய்விட்டு முழுதாகச் சொல்லிப் பாருங்கள். கதவு எண்ணில் தொடங்கித் தெருப் பெயர் வருவதற்குள் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். ஊர்ப் பெயர் வரை தடங்கல் இல்லாமல் வந்தால் சரியான வேகம். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடமாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். வேகமாக நடக்கிறவர் உங்களை ஒட்டியே வருவார். முதல் சில நாள் வெட்கமாகத்தான் இருக்கும். நெடுந்தூரப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஸ்டீபன் செய்லர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படிப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான பயிற்சிதான் என்று அவர் கண்டார். அவர்களே மெதுவாக ஓடும்போது நமக்கு என்ன அவசரம்?

புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது முதல் சில நிமிடங்களில். ஓடத் தொடங்கிய கணமே கால் தசைகள் கூடுதல் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்தக் கேள்விக்கு ஈடு கொடுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், பழக்கம் இல்லாதவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். அந்த இடைவெளியில் நெஞ்சு படபடக்கும், கால் கனக்கும், 'இன்றைக்கு என்னால் முடியாது' என்று தோன்றும். உண்மையில் அன்றைய ஓட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. இந்த நிமிடங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 5 நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு ஓடத் தொடங்கினால் இந்தச் சங்கடம் பாதியாகக் குறையும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவையும் ஓடவைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். 'கவுச் டு 5கே', அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு, என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையே அதைச் செயலியாக இலவசமாகத் தருகிறது. மொத்தம் 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 5 நிமிட நடைக்குப் பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஓட்டம் வெறும் 8 நிமிடம்தான். 'இவ்வளவுதானா' என்று உங்களுக்குத் தோன்றினால் நல்லது, அந்த நினைப்போடுதான் வீடு திரும்ப வேண்டும். இன்னும் இரண்டு சுற்று போகலாம் என்று ஆசை இருக்கும்போதே நிறுத்துகிறவருக்கு மறுமுறை கிளம்ப யாரும் ஊக்கம் ஊட்ட வேண்டியதில்லை. உங்களிடம் 11 வாரம் இருக்கிறது. திட்டம் 9 வாரம். மீதி இரண்டு வாரம் காய்ச்சலுக்கும் விருந்தாளிகளுக்கும் அலுவலக வேலைக்கும் ஒதுக்கியது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நடப்பதைக் கேவலமாக நினைக்கிறீர்கள் என்பது உங்கள் முழுக் கடிதத்தில் தெரிகிறது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, அதற்கு இரண்டு வருடம் கழித்துப் புதியவர்களுக்கு வகுப்பெடுத்தபோது நடையையும் பயிற்சியில் சேர்த்தார். அவர் முறையின் சூட்சுமம், களைத்துப்போன பிறகு நடப்பது இல்லை, களைப்பதற்கு முன்பே கடிகாரம் பார்த்து நடப்பது. இரண்டும் அதே நடைதான். ஆனால் முடியாமல் நின்று நடந்தால் தோற்றுவிட்ட உணர்வு வரும், திட்டப்படி நடந்தால் வராது.

அப்புறம் அந்த 10 கிலோமீட்டர். அதை 5 ஆக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பல ஓட்டங்களில் குறிப்பிட்ட தேதி வரை தூரத்தை மாற்ற அனுமதிப்பார்கள், ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் 10 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரக்கெடு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டமும் நடையுமாகக் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்று வைத்தால் 100 நிமிடம் ஆகும். கெடு அதற்கு மேல் தாராளமாக இருந்தால் நடந்து ஓடி முடிக்கலாம். ஆனால் முதல் போட்டியில் நீங்கள் சந்தோஷமாக முடிக்கக்கூடிய தூரம் 5 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கால் வலி விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஓடத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் அதிகமாகிறது, மூச்சு எளிதாகிறது. அந்தத் தைரியத்தில் நாம் தூரத்தைக் கூட்டுகிறோம். எலும்புக்கும் தசைநாருக்கும் அவ்வளவு வேகம் கிடையாது, அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. புதுச் சுமை வந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். ஆகவே ஆரம்ப வாரங்களில் சில இடங்களில் அது முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். தினமும் ஓடியதோடு, விட்ட நாளையும் சேர்த்து ஓடியதில் உங்கள் கால் சொன்னது இதைத்தான். வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்பது சலுகை இல்லை, எலும்புக்கான வேலை நேரம். வலி போய்விட்டது என்கிறீர்கள். ஒற்றைக் காலில் நாலைந்து முறை குதித்துப் பாருங்கள். வலிக்கவில்லை என்றால் தொடங்கலாம். எலும்பில் ஒரே இடத்தை விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ மருத்துவரிடம் காட்டாமல் ஓட வேண்டாம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தாலும் அப்படியே. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ ஏற்கெனவே இருந்தால் ஓடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விட்டுப்போன நாட்கள் வட்டியோடு கட்ட வேண்டிய கடன் இல்லை. 9 நாளில் பெரிதாக எதுவும் கரைந்துவிடவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் போனால்தான் உடம்பில் இறக்கம் நன்றாகத் தெரியத் தொடங்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே விட்ட நாளை விட்டதாகவே வைத்துவிட்டு, திட்டத்தில் அடுத்து என்ன இருக்கிறதோ அதை ஓடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்கலாம். இப்போது நீங்கள் எப்படியும் முதல் வாரத்திலிருந்துதான் தொடங்கப் போகிறீர்கள்.

காணொளி வேண்டாம் என்று மேலே சொன்னது என் எரிச்சலால் மட்டும் இல்லை. பிரிட்டனில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஒரு ஆய்வு 2002-ல் வெளியானது. முதல் குழுவை அப்படியே விட்டார்கள். இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று ஊக்கமூட்டும் எழுத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதைப் படித்ததோடு அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வோம் என்று தங்கள் கையால் எழுதியது. அந்த வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவது குழுவில் 35, மூன்றாவது குழுவில் 91. வெறும் ஊக்கம் ஒரு பயனும் தரவில்லை. நீங்களும் ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று வரி எழுதுங்கள்: கிழமை, மணி, கதவைத் திறந்து எந்தப் பக்கம் திரும்புவது. காலைதான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அலாரம் உங்களுக்கு எதிரி ஆகிவிட்டதென்றால் ஒரு மாதம் மாலையில் ஓடிப் பாருங்கள்.

மனசே இல்லாத நாளில் ஷூவைக் கட்டி 5 நிமிடம் நடங்கள். அதற்கு மேல் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். இதில் ஏமாற்று வேண்டாம், உண்மையாகவே திரும்பி வர உங்களுக்கு அனுமதி உண்டு. அந்த அனுமதி பொய் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் அடுத்த முறை உடம்பு நம்பாது.

செயலி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்கள் வேகத்தைச் சத்தமாகச் சொல்கிறதா? அந்தக் குரலை அணைத்துவிடுங்கள். திரையைப் பார்க்காதபடி போனைப் பையில் போட்டுவிட்டு, எப்போது ஓட வேண்டும் எப்போது நடக்க வேண்டும் என்பதற்கு மட்டும் மணி அடிக்கும்படி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதினால் போதும். தூரமும் வேகமும் ஐந்தாறு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முழுக் கடிதத்தில் போட்டி நாள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைசியாக வந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனில் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் இலவசமாக நடக்கும் 'பார்க்ரன்' 5 கிலோமீட்டரில் இந்தப் பயத்துக்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: கடைசி ஆளுக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர். உங்கள் ஓட்டத்தில் அப்படி இருக்கிறதோ இல்லையோ, கூட்டத்தின் பின்பகுதியில் போய் நில்லுங்கள். மார்பில் குத்தும் எண் அட்டையில் சிப் இருந்தால், தொடக்கக் கோட்டை நீங்கள் தாண்டும் நேரமும் தனியாகப் பதிவாகும். பின்னால் நின்றதால் உங்கள் நேரம் கூடிவிடாது. முதல் கிலோமீட்டரில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பறப்பார்கள். நீங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டு ஓடுங்கள். அன்றைக்கென்று புது ஷூ, புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல் சில நிமிடம் நடங்கள், இரத்தம் காலில் தங்கினால் தலை சுற்றும்.

தோழிகளின் குழுவைச் சில வாரம் சத்தமில்லாமல் வைத்திருங்கள், ஆனால் வெளியேற வேண்டாம். 5 கிலோமீட்டருக்கு மாறிவிட்டேன், நடுவில் நடக்கவும் போகிறேன் என்று அதில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த நால்வரில் இன்னொருவரும் இதையே யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.