வாசகர் கேட்டவை: முதல் கால் மணித்தியாலம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். நகரத்தில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்குப் புதிதாக ஒரு கோச் வந்திருக்கிறார். வந்த முதல் கிழமையே, பயிற்சிக்கு முன் வட்டமாக உட்கார்ந்து காலை நீட்டி விரலைத் தொடுகிற பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், பழைய மாணவர்கள் இரண்டு கட்சி. கல்லூரியின் பெயரையும் கோச்சின் பெயரையும் நான் எழுதவில்லை. திருமலையில் அது யாருக்கும் தெரியாத இரகசியமும் இல்லை.

நாங்கள் விளையாடிய காலத்தில் 20 நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்யாமல் பந்தைத் தொடவே விடமாட்டார்கள். கெப்டன் எண்ணுவார், எல்லோரும் இழுத்துப் பிடிப்போம். அதையே எடுத்துவிட்டால் பெடியன்களின் கால் என்னத்துக்கு ஆகும்? (பழைய மாணவர், உவர்மலை)

நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவன்தான் ஐயா. புழுதியில் காலை விரித்து, முதுகை வளைத்து, ‘இருபத்தெட்டு... இருபத்தொன்பது...’ என்று இழுத்து இழுத்து எண்ணுகிற கெப்டனை மனதுக்குள் திட்டியதும் நினைவிருக்கிறது. அப்படி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் காயம் வராது என்று எல்லோரும் நம்பினோம், அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அளந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு இருக்கிறது: இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் பயிற்சிக்கு முன் காலின் ஆறு தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக 20 செக்கன் இழுத்துப் பிடிக்க வைத்தார்கள். 12 கிழமை முடிந்து கணக்கெடுத்தபோது, இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே தசையை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இழுத்துப் பிடித்துவிட்டு உடனே துள்ளச் சொன்னால் அதன் விசை கொஞ்சம் குறைகிறது, சராசரியாக நூற்றுக்கு நாலைந்து வீதம். அது என்ன பெரிய கணக்கா என்று கேட்பீர்கள். கோர்ணர் பந்துக்கு எழும்பும்போது அது நெற்றியில் படுவதற்கும் முடியை உரசிக்கொண்டு போவதற்கும் அவ்வளவுதானே வித்தியாசம்! அதற்காக நீங்கள் செய்தது பாவம் என்று சொல்லவில்லை. 15, 20 செக்கன் பிடித்துவிட்டு அப்புறம் நன்றாக ஓடியாடினால் ஒரு நட்டமும் இல்லை. லாபமும் பெரிதாக இல்லை, அவ்வளவுதான்.

என் கதை ஒன்று. பதினேழு வயது, சோடி சோடியாகச் செய்யச் சொல்வார்கள், ஒருவன் காலை நீட்டி உட்கார மற்றவன் முதுகில் சாய்ந்து அமுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவன் எங்கள் ஃபுல் பேக், நல்ல பாரம். அவன் உற்சாகமாக அமுக்க, என் பின்தொடையில் சீலை கிழிகிற மாதிரி ஒன்று. பந்தில் கால் படாமலே ஐந்து கிழமை வீட்டில் இருந்தேன். எங்கள் சேர் அதற்குச் சொன்ன விளக்கம்: “நீ ஒழுங்காக ஸ்ட்ரெச் பண்ணவில்லை.”

அப்படியென்றால் வந்ததும் நேரே பந்தை உருட்ட வேண்டியதுதானா? (திருக்கடலூர்)

இல்லை, இல்லை. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். அந்தக் கோச் ஸ்ட்ரெச்சிங்கை எடுத்தாரே தவிர வோர்ம் அப்பை எடுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் போய் நின்று பார்த்தேன். கோன் வாங்கக் காசில்லைப் போலும், தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து இரண்டு வரிசை வைத்திருந்தார். இரண்டு இரண்டு பேராக மெதுவாக ஓடுகிறார்கள், போத்தலுக்குப் போத்தல் நின்று முழங்காலை உயர்த்தி வெளிப்பக்கம் சுழற்றுகிறார்கள், அடுத்த தடவை உள்பக்கம், அதற்கடுத்ததில் பக்கவாட்டில் ஓடி நடுவில் துள்ளித் தோளோடு தோள் இடிக்கிறார்கள். பிறகு முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகையாகப் பிடிப்பது, ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிப்பது, துள்ளி மெத்தென்று இறங்குவது. கடைசியில் வேகமாக ஓடி வெட்டித் திரும்புவது. மொத்தம் 20 நிமிடம். அதற்குள்ளே எல்லோருக்கும் சேட் நனைந்துவிட்டது.

இது அவர் கண்டுபிடித்ததல்ல. பீஃபாவின் மருத்துவக் குழு மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்கிற முறை. 15 பயிற்சிகள், மூன்று பகுதி: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும் துள்ளலும், 2 நிமிடம் வேக ஓட்டம். அசையாமல் இழுத்துப் பிடிப்பது அதில் ஒன்றுகூட இல்லை.

அதில் ஒரு பயிற்சியை மட்டும் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஒருவன் தும்பு மெத்தையில் முழங்காலில் நிற்கிறான், பின்னால் ஒருவன் கணுக்கால் இரண்டையும் அமுக்கிப் பிடிக்கிறான். முன்னவன் இடுப்பை மடிக்காமல், வெட்டுப்பட்ட மரம் சாய்கிற மாதிரி, ஆனால் முடிந்த அளவு மெதுவாக, முன்னால் சாய வேண்டும். பாதி வழியில் பின்தொடை நடுங்குகிறது, முகம் கோணுகிறது, கடைசியில் பொத்தென்று கையை ஊன்றி விழுகிறான், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நோர்டிக் என்று பெயர். 2011இல் டென்மார்க்கில் 942 விளையாட்டு வீரர்களை வைத்துப் பார்த்தார்கள். இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் 15, செய்யாத அணிகளில் 52. நான் ஐந்து கிழமை வீட்டில் கிடந்தபோது இது யாருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா!

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாலு மணிக்கு மெக்கெய்சர் மைதானத்தில் நின்றாலே உடம்பு கொதிக்கிறது. இதற்கு மேல் சூடாக்க என்ன இருக்கிறது? (சாம்பல்தீவு)

நியாயமான கேள்வி. வெயில் சுடுவது தோலை. தசைக்குள்ளே இரத்தம் கூடிப் பாய்ந்து, அது சுருங்கி விரிந்து சூடாவது வேலை செய்தால்தான். அதோடு ஓடி நிற்க, திரும்ப, ஒற்றைக் காலில் இறங்க உடம்புக்கு ஞாபகப்படுத்துவதும் இந்த 20 நிமிடத்தில்தான் நடக்கிறது, அதை வெயில் செய்து தராது. ஆனால் அந்த மாதங்களில் நான் கோச்சாக இருந்தால் ஐந்து மணிக்குத்தான் தொடங்குவேன், நிழலில் செய்யக்கூடியதை நிழலில் செய்வேன், நடுவில் இரண்டு தடவை தண்ணீருக்கு நிறுத்துவேன். ‘தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும்’ என்று எங்களைக் காயப்போட்டார்களே, அந்தப் பழக்கம்தான் உண்மையிலேயே ஆபத்து. 2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் பிரேசிலின் போர்த்தலேசாவில் விளையாடியபோது, வெப்பம் தாங்காமல் ஆட்டத்தையே நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் படிக்கிற என் அக்காவின் மகன் சொல்கிறான், அங்கேயும் அவன் பல்கலைக்கழக ‘புட்போல்’ அணிக்குப் புதுக் கோச் வந்து இதே ஸ்ட்ரெச்சிங் சண்டையாம். உலகம் முழுக்க ஒரே வியாதியா? (லிங்கநகர்)

முதலில், அது நம்முடைய ஆட்டம் இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தலைக்கவசம் போட்டவர்கள் பாய்ந்து விழுத்துவதும்தான் அங்கே புட்போல். பல்கலைக்கழக ஆட்டம்தானே என்று நினைக்கக் கூடாது, மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரலாம்.

இனிச் சண்டைக்கு வருவோம். அங்கே பல அணிகள் பத்திரிகைக்காரர்களைப் பயிற்சியின் தொடக்கத்தில் சில நிமிடம் மட்டும்தான் உள்ளே விடும், பிறகு கேற்றைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் பெரும்பாலும் நடப்பது ஸ்ட்ரெச்சிங். ஆகவே ரசிகனுக்குக் கிடைக்கிற சேதியே அதுதான்: வரிசை நேராக இருந்ததா, யார் சிரித்துக் கதைத்தான், முந்திய கோச் காலத்தில் கைதட்டித் தொடங்குவார்களே, இப்போது ஏன் இல்லை. கண்ணில் பட்டது அவ்வளவுதான், அதை வைத்தே ஒரு முழு வருடத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

நம் ஊரில் யாரும் கேற்றைச் சாத்துவதில்லை. ஆனாலும் நாலு மணிக்கு வந்து, வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து, கால் மணித்தியாலம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய் அங்கே இருந்து கோச்சை மாற்றுகிறோம். வட்டமாக உட்கார்ந்து ஒரே குரலில் எண்ணினால் ‘ஒழுக்கம்’ தெரிகிறது. போத்தல்களுக்கு நடுவில் ஆளாளுக்கு ஓடினால் சந்தை மாதிரித் தெரிகிறது. உவர்மலை ஐயாவுக்கும் கோபம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன், கோபிக்கக் கூடாது. ஒருநாள் ஆறு மணிவரை இருந்து பாருங்கள், கோச்சிடம் குறை இல்லாமலில்லை. விங்கர்களுக்குப் பந்து கொடுக்கவே சொல்லித்தருவதில்லை, எல்லாம் நடுவிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றி ஒருவர்கூட எனக்கு எழுதவில்லையே?

பெண் பிள்ளைகளின் அணியைப் பார்க்கிறேன். மைதானம் கிடைப்பதே ஒரு மணித்தியாலம், அதில் 20 நிமிடம் இதற்குப் போனால் விளையாடுவது எப்போது? (ஆசிரியை, கிண்ணியா)

ரீச்சர், உங்கள் அணிக்குத்தான் இது முதலில் வேண்டும். இந்த முறையைப் பெரிய அளவில் சோதித்ததே நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம்தான், 1892 பேர். 2008இல் முடிவு வந்தது: எல்லாக் காயங்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு, கடுமையான காயங்கள் அதைவிடக் குறைவு. ஆனால் கிழமைக்கு இரண்டு தடவையாவது விடாமல் செய்தால்தான். நேரம் இல்லையென்றால் ஓட்டப் பகுதிகளை முன்னால் செய்துவிட்டு, நடுவில் வருகிற பலப் பயிற்சிகளை மைதானம் கைமாறிய பிறகு ஓரத்திலோ வகுப்பு வராந்தாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் அன்று எப்படியும் ஓட்டப் பகுதி மட்டும் போதும்.

பயிற்சிக்கு முன் காலுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறேன். அது போதாதா? (ஓர் அம்மா, பாலையூற்று)

நீங்கள் தேய்ப்பது அவனுக்குச் சுகம், தைரியம், விடவேண்டாம். ஓட வேண்டியது அவன்தான்.

இந்தக் கோச்சால் இந்த வருடம் கப் வருமா? (நிலாவெளி)

விங்கர் பதிலைப் பார்க்கவும்.

அப்போ ஸ்ட்ரெச்சிங்கே இனி வேண்டாமா? நான் கோல் காப்பாளன். (ஆலங்கேணி)

உமக்கு வேண்டும். காலை அகட்டித் தடுக்க வேண்டியவருக்கு இடுப்பும் கவட்டுத் தசையும் விரிந்து கொடுக்க வேண்டும், அது ஒரே நாளில் வராது, நாள்தோறும் இழுத்துப் பழக்கித்தான் வரும். பயிற்சி முடிந்த பிறகோ இரவு படுக்க முன்னமோ செய்யும். மறுநாள் கால்நோவு வராமலிருக்க என்று மட்டும் செய்யாதேயும். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் நோவு கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஐயா, நான் அந்த அணியிலேயே இருக்கிறேன். நோர்டிக் செய்த மறுநாள் ரியூசனில் மாடிப்படி இறங்க முடியவில்லை. சேரிடம் சொன்னால் டீமில் போடமாட்டார் என்று பயம். (பெயர் வேண்டாம்)

தம்பி, முதல் இரண்டு மூன்று கிழமை எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், உம்முடைய கூட்டாளிகளும் சொல்லாமல் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கியிருப்பார்கள். தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து தடவை சாய்ந்தால் போதும், 12, 15 எல்லாம் பழகியவர்களுக்கு. முதல் நாளே போட்டிக்கு எத்தனை செய்தீர்? இரண்டு காலும் ஒரே மாதிரி மந்தமாக நொந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், குத்துகிற மாதிரி இருந்தாலோ செய்யும்போதே சுரீர் என்றாலோ நிறுத்திவிட்டு அன்றைக்கே சேரிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் என்னைப்போல ஐந்து கிழமை வீட்டில் கிடக்க நேரும். மற்றபடி, ரியூசன் எந்த நாள் என்று எழுதவில்லை. புதன் என்றால், நோர்டிக்கைச் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாரும். நான் பார்த்த அளவில் அந்த மனிதர் கேட்டால் காது கொடுக்கிறவர்தான்.